இர்னா பிலிப்ஸும் ஏழு வருடக் காத்திருப்பும்

நான் சீரியலுக்கு வசனம் எழுதுகிறவள் என்று தெரிந்துவிட்டால், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மண்டபம் ஊர்க் கடைத்தெருவில் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது, “அடுத்து என்ன ஆகும்?” அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி, “அதை எப்பத்தா முடிப்பீக?” இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் தொழில் நடக்கிறது. கதை நாளைக்கும் வேண்டும். இன்றைக்கும் ஏதாவது நடந்தாக வேண்டும்.

இந்தத் தொழிலில் எங்களுக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் உண்டு. சிகாகோவில் வாழ்ந்த இர்னா பிலிப்ஸ். மெகா சீரியல் என்றாலே அழுகை, பழிவாங்கல், பட்டுப்புடவையோடு அடுப்படி என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் அந்தப் பெண்ணின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அவரைப் பற்றிச் சொன்னால்தான், எங்கள் கரையில் கிடக்கும் ஒரு கதையை ஏன் சீரியலாகத்தான் சொல்ல முடியும் என்று நான் நம்புகிறேன் என்பதையும் சொல்ல முடியும்.

இர்னா பிறந்தது 1901-இல். பத்துப் பிள்ளைகளில் கடைசி. எட்டு வயதில் தகப்பன் போய்ச் சேர்ந்தார். நடிகையாக வேண்டும் என்று கல்லூரியில் நாடகம் படித்தார். அந்த முகம் மேடைக்கு எடுபடாது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். இளம் வயதில் ஒருவரை நம்பி, கர்ப்பமாகி, கைவிடப்பட்டு, குழந்தை இறந்தே பிறந்தது. பிறகு சில வருடம் ஆசிரியை வேலை. கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்துத் தனியாகவே வளர்த்தார். குடும்பக் கதைகளின் தாய் என்று பெயர் வாங்கியவர் வாழ்ந்த வாழ்க்கை இது.

1930-இல் சிகாகோவின் டபிள்யூஜிஎன் வானொலி, பகலில் வீட்டில் இருக்கும் பெண்களுக்காக ஒரு தொடர் எழுதச் சொன்னது. ‘பெயின்டட் ட்ரீம்ஸ்’ என்று எழுதினார். ஒரு தாய், வளர்ந்த மகள், அவர்கள் வீட்டுப் பேச்சு. தாயாக நடித்ததும் அவரே. தொடர் யாருக்குச் சொந்தம் என்று நிலையத்தோடு தகராறு வந்து, வழக்கு வரை போய், வழக்கில் தோற்றார். ஆனால் தீர்ப்புக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. வேறு நிலையத்துக்குப் போய், கிட்டத்தட்ட அதே தாயை வேறு பெயரில் ‘டுடேஸ் சில்ட்ரன்’ என்ற தொடராக எழுதத் தொடங்கியிருந்தார். அதற்குப் பிறகு எழுதிய வானொலித் தொடர்களின் உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். சோப்புக் கம்பெனிகள் காசு போட்டன, கதை அவருடையது. எனக்குத் தெரிந்த வசனகர்த்தாக்கள் எல்லோரும் எபிசோடுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள்தான். நாங்கள் பேசவைத்த பெண்கள் மேல் எங்களுக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது. தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் தனியாளாக நின்று அதைக் கேட்டார் என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

1930களின் இறுதியில் அவருடைய அம்மா இறந்தார். தொடரில் வந்த தாய் அந்த அம்மாவைப் பார்த்து எழுதப்பட்டவர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொடரை நிறுத்திவிடச் சொல்லிக் கேட்டு, நிறுத்தியும் விட்டார். 

அவர் உட்கார்ந்து எழுதுகிறவரில்லை. அறைக்குள் நடந்துகொண்டே ஒவ்வொரு ஆளாக மாறிக் குரல் மாற்றிப் பேசுவார், உதவியாளர் எழுதிக்கொள்வார். ஒரே சமயத்தில் பல தொடர்கள். ஆண்டுக்கு 20 லட்சம் சொற்கள் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். மருத்துவமனைக் காட்சி தப்பாகிவிடக் கூடாது என்று டாக்டர்களையும், கோர்ட் காட்சிக்காக வக்கீலையும் ஆலோசனைக்கு வைத்திருந்தார். 

நடந்துகொண்டே வாயால் சொல்லிப் பார்ப்பது ஏன் அவசியம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் செட்டில் பெரும்பாலும் பிராம்ப்டிங்தான். உதவி இயக்குநர் கேமராவுக்கு வெளியே நின்று ஒரு துண்டு கொடுப்பார், நடிகை அதை வாங்கிச் சொல்வார். அதனால் வசனம் மூச்சுக்கு மூச்சு ஒடிய வேண்டும். “நேத்து நீங்க அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொத்தைப் பத்திப் பேசினதா எனக்குத் தெரிய வந்துச்சு” என்று எழுதிக் கொடுத்தால், நல்ல நடிகையே நடுவில் தடுக்கி விழுவார். “அண்ணன் வீட்டுக்குப் போனீங்களா? நேத்து? சொத்தைப் பத்திப் பேசினீங்களா அத்தை?” என்று எழுதினால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு குத்து. ஒன்லைன் என்கிற கதைச் சுருக்கம் முந்தின நாள் வரும், எந்தக் காட்சியை முதலில் எடுப்பது என்ற சீன் ஆர்டர் ராத்திரி வரும், காலையில் ஒரு ஆர்ட்டிஸ்ட்டுக்குக் கால்ஷீட் இல்லை என்று போன் வரும். அவர் இல்லாமலே அவருடைய சண்டையை நடத்தியாக வேண்டும். மேக்கப் முடிவதற்குள் புது வசனம் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர வேண்டும். சென்னையில் இருந்தபோது இதை வடபழனி அறையில் செய்தேன். இப்போது மண்டபத்தில் வீட்டுத் திண்ணையிலிருந்து செய்கிறேன்.

எல்லா வசனத்திலும் ஏன் அத்தை, மாமா, அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. அது காரணத்தோடு எழுதப்படுவது. சீரியலை முழுதாக உட்கார்ந்து பார்க்கிறவர்கள் குறைவு. அடுப்பைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நிற்கிற பெண்ணுக்கு, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது காது வழியாகவே தெரிய வேண்டும். “அண்ணி” என்ற ஒரு கூப்பாட்டில் ஆளும் உறவும் உரசலும் மூன்றும் வந்துவிடுகிறது. இர்னா வானொலிக்கு எழுதிப் பழகியவர். வேலைக்கு நடுவே கேட்கிற பெண்ணை மனதில் வைத்துத்தான் அவரும் எழுதினார்.

நான் இதை முதலில் கற்றது அம்மாவிடம். 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. எங்கள் கரையில் டிவி வைத்திருந்த வீடுகளில் ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி வைத்தால் படம் வந்துவிடும். ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்குத் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்ததெல்லாம் பிறகு. அம்மா கருவாட்டுக் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, படகு முதலாளி வீட்டு முற்றத்தில் போய் உட்காருவார். ஓடுவது சிங்களத் தொடர். அம்மாவுக்குச் சிங்களத்தில் ஒரு சொல் தெரியாது. திரையில் மாமியார் வாயசைக்க, அம்மா இங்கிருந்து பேசுவார்: “வந்துட்டாளா மகராசி! தண்ணி எடுக்கப் போனாளா, கிணறு வெட்டப் போனாளா?” மருமகள் தலையைக் குனிவாள். அம்மாவின் குரல் அப்படியே இறங்கிவிடும்: “வரிசை நீளமா இருந்துச்சு அயித்த.” கூடியிருந்த பெண்கள் பார்த்தது திரையை, கேட்டது அம்மாவின் கதையை. மறுநாள் மீன் ஏலத்தில் நின்றுகொண்டு “அந்த மருமக என்ன ஆனா?” என்று அம்மாவிடம்தான் விசாரிப்பார்கள். அம்மா ராத்திரியெல்லாம் யோசித்து வைத்த பதிலைச் சொல்வார். சிகாகோவில் ஒருவர் அறைக்குள் நடந்து நடந்து செய்த வேலையை மண்டபத்தில் ஒருவர் முற்றத்தில் உட்கார்ந்து செய்திருக்கிறார். 

இர்னாவிடம் நான் பெரிதாக மதிப்பது அவருடைய நிதானம். வானொலியில் 1937-இல் அவர் தொடங்கிய ‘கைடிங் லைட்’ 1952-இல் டிவிக்கு வந்து, 2009 வரை ஓடியது. 72 வருடம், 15,700 எபிசோடுக்கும் மேல். ஆனால் அவர் முழு மனதோடு கட்டியது 1956 ஏப்ரல் 2-ஆம் தேதி தொடங்கிய ‘ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்’ என்றுதான் எனக்குப் படுகிறது. அதுவரை கால் மணி நேரமாக இருந்த தினசரித் தொடரை அரை மணி நேரமாக்கினார். கூடுதலாகக் கிடைத்த நேரத்தில் கூடுதலாகச் சம்பவங்களை அடைக்கவில்லை. வேகத்தைக் குறைத்தார். இரண்டு குடும்பங்கள், ஒரு சமையலறை, காபி, பேச்சு. ஒருவர் ஒன்றைச் சொன்னால் கேட்டவர் முகத்தில் அது எப்படி இறங்குகிறது என்று பார்க்க கேமராவுக்கு நேரம் கொடுத்தார். தொடக்கத்தில் அது எடுபடவில்லை. ஆனாலும் விட்டுவைத்தார்கள். 1958 வாக்கில் பகல் நேரத் தொடர்களில் முதலிடத்துக்கு வந்து, ஏறக்குறைய இருபது வருடம் அங்கேயே இருந்தது.

1963 நவம்பர் 22. கென்னடி சுடப்பட்ட செய்தியை சிபிஎஸ் டிவி முதலில் சொன்னபோது ஓடிக்கொண்டிருந்தது இந்தத் தொடர்தான். தாயும் தாத்தாவும் நின்று, வரப்போகிற நன்றிநாள் விருந்துக்கான அழைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் அதே வாரம் ஒவ்வொரு வீட்டிலும் அதே பேச்சு நடந்துகொண்டிருந்தது. கதையின் காலண்டரும் பார்க்கிறவள் வீட்டுக் காலண்டரும் ஒன்று. சினிமாவுக்கு இது முடியாது, நாவலுக்கும் முடியாது. தினம் வருகிற தொடருக்குத்தான் ஒரு நாளை ஒரு நாளாகவே சொல்ல வாய்த்திருக்கிறது.

அந்த வரத்தை நாங்கள் வியாழக்கிழமைக்கு அடகு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வியாழனும், எந்தத் தொடரை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் நிறுவனத்தின் டிஆர்பி எண்கள் வரும். எண் இறங்கினால் அன்று மாலையே கதையின் டிராக் மாறும். மூன்று வாரம் பொறுமையாக வளர்த்த ஒரு மனஸ்தாபம் ஒரே எபிசோடில் விஷம் கலந்த பாலாக முடியும். எண்ணைக் குறை சொல்லவில்லை. அதுவும் ஒருவிதத்தில் பார்க்கிறவர்களின் குரல். ஒரு வாரத்துக்கு மேல் எதையும் நம்பாத பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

இர்னாவின் மாணவி ஆக்னஸ் நிக்சன். மகள் எழுத்தாளராகக் கூடாது என்று நினைத்த தகப்பன், ஒரு பெரிய எழுத்தாளரே முகத்துக்கு நேராகச் சொல்லட்டும் என்று அவரை இர்னாவிடம் அனுப்பினார். இர்னா அந்தப் பெண்ணின் பிரதியைச் சத்தமாக வாசித்துவிட்டு, வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார். இந்த ஆக்னஸ் 1962-இல் ‘கைடிங் லைட்’டில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை எழுதினார். அந்த நோயில் நெருங்கிய தோழியைப் பறிகொடுத்தவர் அவர். புற்றுநோய் என்ற சொல்லையும் கர்ப்பப்பை என்ற சொல்லையும் சொல்லவே கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். சரி என்று, சொல்லாமலே எழுதினார். பல வருடமாக மக்கள் பார்த்துப் பழகிய பெர்ட் என்ற குடும்பத் தலைவியை டாக்டரிடம் சோதனைக்கு அனுப்பினார். தொடக்க நிலையிலேயே கண்டுபிடித்து அவள் பிழைத்தாள். அதைப் பார்த்துச் சோதனைக்குப் போன பெண்கள் ஏராளம். 

பாடம் நடத்தினால் மட்டும் யாரும் உட்கார மாட்டார்கள் என்பதும் உண்மை. 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் வந்த ‘ஹம் லோக்’ என்ற இந்தித் தொடர் தொடக்கத்தில் குடும்பக் கட்டுப்பாட்டை உரக்கப் பேசி, ஆட்களை இழந்தது. எழுத்தாளர் மனோகர் ஷ்யாம் ஜோஷி பிரசாரத்தைக் குறைத்துக் குடும்பத்தை முன்னால் கொண்டுவந்த பிறகுதான் நாடே அதைப் பார்த்தது. பெர்ட் நோயாளியாகக் கதைக்குள் வந்தவளில்லை. பத்து வருடத்துக்கு மேல் எல்லோர் வீட்டிலும் இருந்தவளுக்கு நோய் வந்தது. அதனால்தான் அது நெஞ்சில் தைத்தது.

இனி எங்கள் கரைக்கு வருகிறேன்.

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் வீடுகளின் கிழமைகள் வேறு மாதிரி. ராமேஸ்வரம் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. மீன்வளத் துறையில் டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலை கரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் வீட்டில் ஆம்பளைகள் இருப்பார்கள், காசு இருக்காது. படகு வர நேரமானால் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்வார்கள். இலங்கைக் கடற்படை பிடித்திருந்தால் சாயங்காலத்துக்குள் தகவல் வந்துவிடும். பிடித்தார்கள் என்ற செய்தியையே ‘உசுரு இருக்கு’ என்று ஆறுதலாக வாங்கிக்கொள்கிற வீடுகள் இவை.

எந்தத் தகவலும் வராத வீடுகளும் உண்டு. படகு திரும்பும், ஒரு ஆள் திரும்ப மாட்டார். சில நாள் தேடுவார்கள், பிறகு நிறுத்திவிடுவார்கள். உடல் கிடைக்காதவரை அவர் இறந்தவர் இல்லை. ஏழு வருடம் அவரைப் பற்றி எந்தச் சேதியும் இல்லையென்றால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது 1872-ஆம் வருடத்துச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. 2024-இல் சட்டத்தின் பெயர் மாறியது, ஏழு வருடம் மாறவில்லை. 2017 ஒக்கி புயலில் கூட்டம் கூட்டமாகக் காணாமல் போனபோது அரசு இந்தக் காலக்கெடுவைத் தளர்த்தி நிவாரணம் கொடுத்தது. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை ஒற்றை ஆளாகக் காணாமல் போனவருக்குப் புயலின் பெயர் துணைக்கு வருவதில்லை.

அந்த ஏழு வருடத்தை அவர் மனைவி எப்படி வாழ்வாள்? தாலியைக் கழற்றவும் முடியாது, விசேஷ வீட்டில் முன்னால் போய் நிற்கவும் முடியாது. இறப்புச் சான்றிதழ் இல்லாததால் விதவை உதவித்தொகை இல்லை. அவர் பெயரில் இருக்கிற கணக்கில் கிடக்கும் பணம் அங்கேயே கிடக்கும். மாமியார் மகன் வருவான் என்று குறி கேட்டுக்கொண்டிருப்பார். அண்ணன் ‘வீட்டுக்கு வந்துரு தங்கச்சி’ என்பார். இதற்கு நடுவில் அவள் பாசி எடுக்கப் போக ஆரம்பிப்பாள். பாம்பன் சின்னப்பாலத்திலும் மற்ற கரையோரக் குப்பங்களிலும் பெண்கள் கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிக் கடல்பாசி பறிக்கிறார்கள். புருஷனைக் கொண்டுபோன கடலுக்குள் தினம் தலையை விட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு எடுத்து வருகிற பெண் அவள். எங்கள் பக்கத்துத் தெருவிலேயே அப்படி ஒரு அக்கா இருக்கிறார். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுதுவது முறையில்லை.

இதை இரண்டரை மணி நேரப் படமாக எடுத்தால் ‘ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று ஒரு எழுத்துப் போட்டுத் தாண்டிவிடுவார்கள். அந்த எழுத்துக்குள் இருப்பதுதான் கதை. அதைத் தாண்டாமல் நடந்து கடக்கத் தினசரித் தொடரை விட்டால் வேறு வடிவம் இல்லை.

சென்னையில் ஒரு சேனலில் இதைச் சொன்னேன். ஏப்ரலில் நிஜத் தடைக்காலம் தொடங்குகிற வாரம் கதையிலும் தடைக்காலம் தொடங்கும், ஐப்பசியில் காற்று திரும்பினால் கதையிலும் திரும்பும், தீபாவளியும் ஈஸ்டரும் சந்தனக்கூடும் அந்தந்த நாளில் வரும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள். கதாநாயகியைப் பிடித்திருந்தது. “புருஷன் எப்ப மேடம் திரும்பி வர்றான்?” என்றார் ஒருவர். வரமாட்டார் என்றேன். “நூறாவது எபிசோடுல வரட்டும். நினைவு தப்பிடுச்சு, வேற ஊர்ல வேற கல்யாணம் ஆகியிருக்கு. டிஆர்பி பிச்சுக்கும்.” நினைவு தப்புவதும் மீண்டு வருவதும் அமெரிக்கத் தொடர்களில் அரைத்துச் சலித்த மாவு. அந்த அக்காவின் வீட்டுக்குள் அப்படி ஒருவனைக் கூட்டிவர என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். கடலில் ஷூட்டிங் செலவு தாங்காது என்று சொல்லியிருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன். அவன் திரும்பி வராவிட்டால் அந்தப் பெண்ணின் காத்திருப்பில் ‘எதுவும் நடக்கவில்லை’ என்று அவர்கள் நினைத்ததைத்தான் ஏற்க முடியவில்லை. எதுவும் நடக்காத நாளில் அவள் எழுந்து உலை வைத்திருக்கிறாளே, அது நடந்ததில்லையா?

இர்னாவையும் கடைசியில் அனுப்பிவிட்டார்கள். தன் சாயலில் ஒரு பெண்ணை உருவாக்கி, கல்யாணமாகாமல் தாயாகப்போகிறவளாக அவளை எழுதியது பலருக்குப் பிடிக்கவில்லை. 1973-இல் தான் உருவாக்கிய தொடரிலிருந்தே வெளியேற்றப்பட்டார். அதே வருடம் டிசம்பர் 23-ஆம் தேதி இறந்தார். ஊருக்குச் சொல்லிக் கூட்டம் கூட்ட வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தார். பண்டிகை வாழ்த்துச் சொல்ல போன் செய்தபோதுதான் ஆக்னஸ் நிக்சனுக்கே விஷயம் தெரிந்தது.

யாரும் கேட்காமலே இப்போது அந்தக் கதையை எபிசோடு எபிசோடாக எழுதிக்கொண்டிருக்கிறேன். செட்டுக்கு அனுப்ப வேண்டிய வசனத்தை அனுப்பி முடித்த பிறகு கிடைக்கிற நேரம் இதற்கு. எழுதியதைப் பக்கத்து வீட்டு லாத்தாவுக்கு, அதாவது முஸ்லிம் அக்காவுக்கு, வாசித்துக் காட்டுவேன். கீழக்கரையில் பிறந்து இங்கே வாழ வந்தவர். புருஷன் பல வருடம் சவூதியில் இருந்தவர் என்பதால் காத்திருப்பு அவருக்கும் பழக்கம். நேற்று வாசித்தது, ஆள் காணாமல் போய் ஒரு மாதம் கழித்து மருமகளும் மாமியாரும் அடுப்படியில் பேசுகிற காட்சி. மருமகளுக்கு நான் எழுதியிருந்த வசனம்: “அவுக வருவாக அயித்த. எத்தனை வருசமானாலும் நான் காத்திருப்பேன்.”

லாத்தா முகத்தைச் சுளித்தார். “காத்திருக்கிறவ அதை வாயால சொல்ல மாட்டா புள்ள. ‘அரிசி எத்தனை ஆழாக்கு போட அயித்த?’ன்னு கேப்பா. மாமியாக்காரி பதில் சொல்ல மாட்டா. அவுகளுக்கும் சேத்தா, சேக்காமலான்னு ரெண்டு பேருக்கும் தெரியும்ல.”

என் வரியை அடித்துவிட்டு அவருடையதை எழுதிக்கொண்டேன். அடுத்த காட்சி மீன்வளத் துறை அலுவலகத்தில், அவள் முதல் மனுவைக் கொடுக்கப் போகிற நாள். மனுவில் தன் பெயருக்கு முன்னால் திருமதி என்று போடுவதா வேண்டாமா என்று அங்கே வைத்து யார் கேட்பார்கள், குமாஸ்தாவா, அவள் அண்ணனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. குமாஸ்தா கேட்டால் சண்டை வரும், அண்ணன் கேட்டால் அவள் அழுவாள். இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்.